கழுத்தும் கையும்

பத்து காஜாவிலிருந்து கோப்பேங் செல்லும் சாலையில், முற்றுப்பெறாத கெல்லி மாளிகையைக் கண்டு வியந்து திரும்புவோரிற் பலர், அதற்குச் சற்றுத் தொலைவில் உள்ள மாரியம்மன் கோயிலை எட்டிப் பார்ப்பதில்லை. பார்த்தவர் ஒரு விந்தையைக் கண்டிருப்பர். கோயிலின் மேற்புறத்தில், தெய்வ வடிவங்களுக்கிடையே, ஓர் ஆள் நிற்கிறார். வெள்ளை உடுப்பு, தலையில் தக்கைத் தொப்பி. தோட்ட முதலாளி வில்லியம் கெல்லி சிமித்தே அவர் என்பது வழிவழியாக வரும் செய்தி. மாளிகை கட்டத் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர் பலர் கொள்ளைக் காய்ச்சலில் மடிந்தனர். எஞ்சியவர் வேண்டிக்கொள்ளத் துரை கோயில் எழுப்பித் தந்தார். நன்றி மறவாத தொழிலாளர் அவரைத் தெய்வங்களோடு தெய்வமாக மேலே ஏற்றி வைத்தனர். துரை 1926-இல் லிஸ்பன் நகரில் காலமானார். மாளிகை குறையாகவே நின்றுவிட்டது. கூரைமேல் ஏறிய உடுப்பு மட்டும் இன்றளவும் இறங்கவில்லை.

அச்சிலையைப் பழிப்பது நோக்கமன்று. நன்றி காட்டுவது தமிழர் பண்பு; அதைப் பிழை என்பார் யார்? ஆனால், அந்த மாளிகைக்குச் செங்கல் சுமந்த கை, சுண்ணாம்பு குழைத்த கை, அச்சிலையையே வனைந்த கை, இவற்றுக்கு உரியவர்களின் பெயர் இன்று எவர்க்கும் தெரியாது. உடுப்புக்குச் சிலை எழுந்தது, கைக்கு எழவில்லை. பேராக் மாநிலத் தமிழரின் நூறாண்டு மனநிலையை அந்தக் கூரை ஒன்றே எடுத்துக்காட்டப் போதும்.

கூரைமேல் நின்ற உடுப்பு பின்னர் எங்கெல்லாம் போயிற்று என்று தேடினால், அது சிறுத்துச் சுருங்கித் தமிழ்ப்பள்ளி மாணவத் தலைவரின் கழுத்தில் ஒரு சாண் துணியாகத் தொங்குவதைக் காணலாம். கழுத்துப்பட்டை என்று எழுதினாலும் ‘டை’ என்றே எல்லாரும் வழங்குவர். (நாய்க்குக் கட்டுவதையும் கழுத்துப்பட்டை என்றே தமிழ் சொல்கிறது. இச்சொல்லை ஆக்கியவர் குறும்பராக இருத்தல் வேண்டும்.) பாலர் பள்ளி ‘பட்டமளிப்பு’ விழாவில் ஐந்து வயதுக் குழந்தைக்கும் இது கட்டப்படுகிறது. ஆண்டு விழா மேடையில் வரவேற்புரை ஆற்றும் சிறுவன் வியர்வையில் நனைந்தபடி இதைத் திருத்திக்கொண்டே பேசுகிறான். இவன் படித்தவன், இவன் கையால் உழைக்க வேண்டியதில்லை என்று ஊருக்கு அறிவிப்பதே அந்தத் துணியின் வேலை என்று பெற்றோரும் நினைக்கின்றனர், ஆசிரியரும் நினைக்கின்றனர்.

பட்டமளிப்பு விழாக் காலத்தில் ஈப்போவின் லகாட் சாலைப் பக்கம் உள்ள துணிக்கடைகளில் யாரும் காணக்கூடிய காட்சி ஒன்று உண்டு. சுங்கை சிப்புட் பக்கத்திலிருந்தோ தாப்பாவிலிருந்தோ ஒரு தந்தை வருகிறார். அறுபதைக் கடந்த வயது. இளமையில் பால்மரம் வெட்டியவர். தோட்டம் துண்டாடப்பட்டபின் காவற்பணியிலோ தொழிற்சாலையிலோ காலம் கழித்தவர். மகன் பல்கலைக்கழகம் முடித்திருக்கிறான்.

“தம்பி, பையனுக்குப் பட்டமளிப்பு. ஒரு டை வேணும்.”

“என்ன நிறம் பார்க்கறீங்க, ஐயா?”

“நிறம் எதுனாலும் சரி. முடிச்சுப் போட்டதா இருக்கணும். எனக்குக் கட்டத் தெரியாது, அவனுக்கும் தெரியாது.”

கடைக்காரர் ஓர் அட்டைப் பெட்டியை எடுக்கிறார். முடிச்சு முன்னமே தைக்கப்பட்டிருக்கிறது, பின்னால் மீள்நாடா. பளபளக்கிறது. பட்டா என்று தந்தை கேட்கிறார். பட்டு மாதிரிதான் என்று விடை வருகிறது. விலை மலிவு. மகனின் கழுத்துக்கு வாங்கிய அந்தப் பொருளை இரண்டு கைகளாலும் ஏந்தி அவர் வெளியேறுகிறார்.

அந்த இரண்டு கைகளைப் பற்றியே இங்குப் பேச வேண்டியிருக்கிறது. ‘எனக்குத் தெரியாது’ என்று அவர் சொன்னது கழுத்துப்பட்டையின் முடிச்சை மட்டுந்தானா? தம் கைக்கு எதுவுமே தெரியாது என்று அவரை நம்பவைத்துவிட்டார்கள். நம்பவைத்தவர்களுள் துரைமார் உண்டு, கிராணிமார் உண்டு. பிற்காலத்தில் அவ்வேலையை முன்னின்று செய்தவர்கள் தமிழாசிரியர்கள். கசப்பான சொல்தான், ஆயினும் சொல்லியாக வேண்டும்.

முதலில் கழுத்துப்பட்டை எத்தகைய பொருள் என்பதை அறிந்துகொள்வது நலம். இதை வழிபடுவோரும் அறியார், வைவோரும் அறியார். கழுத்தில் துணி சுற்றும் வழக்கம் மிகப் பழையது. 1974-இல் சீனத்தின் சியான் நகருக்கருகே அகழ்ந்தெடுக்கப்பட்ட பேரரசன் சின் சி உவாங்கின் சுடுமண் வீரர்கள் பலர் கழுத்தில் துணி சுற்றியே நிற்கின்றனர். பதினேழாம் நூற்றாண்டில் பிரெஞ்சு நாட்டுக்குக் கூலிப்படையாக வந்த குரோவாசிய வீரர்களின் கழுத்துத்துணியைப் பாரிசு நகரத்தார் பார்த்துப் பழகினர். ‘கிரவாத்து’ என்னும் சொல்லே அவ்வினத்தின் பெயரிலிருந்து பிறந்தது. கூலிக்குப் போரிட்டவனின் கந்தை, அரசவை அணியாயிற்று. 1920-களில் நியூயார்க்கில் செசி லாங்சுடார்ப் என்னும் தையற்கலைஞர், துணியைக் குறுக்காக வெட்டி மூன்று துண்டுகளை இணைக்கும் முறைக்கு உரிமம் பெற்றார். இன்று உலகம் அணியும் வடிவம் அவர் கைவழி வந்தது. ஆக, இந்தப் பொருளின் வரலாற்றில் கூலிக்காரனும் தையற்காரனுமே தலைமாந்தர். துரைமார் இதை அணிந்தவர்கள், ஆக்கியவர்கள் அல்லர்.

இத்தாலியின் நேப்பல்ஸ் நகரில், கடற்கரையை ஒட்டிய ரிவியேரா தி கியாயா என்னும் தெருவில், 1914-இல் எயூசெனியோ மரினெல்லா ஒரு சிறு கடையைத் திறந்தார். கடையின் பரப்பு ஏறத்தாழ இருபது சதுர மீட்டர். தோட்டத்து லய வீட்டின் முன்னறையும் பின்னறையும் சேர்ந்தால் அவ்வளவு இருக்கும். அக்கடை இன்றும் அக்குடும்பத்தாரிடமே உள்ளது. 1994-இல் ஏழு நாட்டுத் தலைவர்கள் அந்நகரில் கூடியபோது, அவர்களுக்குப் பரிசாக அளிக்கப்பட்டவை அங்குச் செய்த பட்டுக் கழுத்துப்பட்டைகளே. கடை காலை ஆறரை மணிக்கே திறப்பது அங்கு மரபு. வருபவருக்குக் காப்பி கொடுப்பர். பிறகு பட்டுத் துண்டுகளை மேசைமேல் விரிப்பர். இங்கிலாந்தின் மேக்கில்சுபீல்டு நகரில் அச்சிட்ட பட்டு அது. வந்தவர் தொட்டுப் பார்ப்பார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். தம் உயரத்தையும் கழுத்தின் பருமனையும் சொல்வார். அளவுக்கேற்ப வெட்டிக் கையால் தைத்துக் கொடுப்பர். ‘கையால் செய்தது’ என்னும் சொல்லே அக்கடையின் விலையை உயர்த்துகிறது.

காலை ஆறரை மணி. பேராக் தோட்டங்களில் அந்நேரத்தில், பெரட்டுக்குப் பெயர் கொடுத்துத் தலைவிளக்கோடு நிரைக்குள் நுழைந்த பெண் பாதி மரங்களை முடித்திருப்பாள். அவளும் கையால்தான் செய்தாள். அந்தச் சொல் அவளுடைய கூலியை ஒரு காசும் உயர்த்தவில்லை.

கைவேலை என்பது என்ன என்று அறிய, அந்தப் பட்டுத்துண்டின் உள்ளே நுழைந்து பார்க்க வேண்டும். பட்டை நேராக வெட்டினால் கழுத்துப்பட்டை முறுக்கிக்கொள்ளும், நாளடைவில் கயிறாகும். எனவே இழையோட்டத்துக்கு நாற்பத்தைந்து பாகைச் சாய்வில் வெட்டுவர். அவ்வாறு வெட்டுவதால் துணி வீணாகும். ஆனால் இழுத்தால் நீளும், விட்டால் திரும்பும். உள்ளே கம்பளியால் ஆன ஓர் அடித்துணி வைக்கப்படும். பட்டுக்கு உடல் கொடுப்பது அது. பின்பு இரு ஓரங்களையும் மடித்து, நீளமான ஒரே நூலால், தொய்வாகக் கையால் தைப்பர். பொறியின் தையல் இறுக்கமானது. ஒவ்வொரு முறை முடிச்சிடும்போதும் அந்த இறுக்கம் பட்டோடு போராடும். கைத்தையல் அவ்வாறன்று, நூல் உள்ளுக்குள் நழுவி இடம் கொடுக்கும். நூலின் முனையில் ஒரு சிறு கண்ணியை விட்டுவைப்பர். இழுபடும்போது அந்த மிகுதி நூல் உள்ளே போகும், பின் திரும்பும். அடித்துணியே இல்லாமல், ஏறத்தாழ ஒரு கெஜப் பட்டை ஏழாக மடித்தே உடல் கொடுக்கும் வகையும் உண்டு. அதனைச் செய்ய வல்லார் எங்கும் சிலரே.

லகாட் சாலைத் தந்தை வாங்கிச் சென்றதில் இவற்றுள் ஒன்றும் இல்லை. அது பொலியெஸ்தர், மண்ணெண்ணெய்க்கு உடன்பிறப்பு. ஐயமுள்ள மாணவர், ஓரத்தில் பிரிந்த ஓர் இழையை ஆசிரியர் முன்னிலையில் கொளுத்திப் பார்க்கலாம். பட்டெனில் தலைமயிர் கருகும் நாற்றம் வரும். சாம்பல் விரலால் நசுக்கப் பொடியாகும். பொலியெஸ்தர் எனில் உருகிக் கெட்டியான மணியாக உறையும். இன்னொன்றும் உண்டு. பட்டமளிப்பு மண்டபத்தில் மகனுக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ளும் தாய், தம் திருமணத்துக்கு வாங்கிய காஞ்சிப் பட்டைக் கட்டியிருப்பாள். குழித்தறியில், உடலுக்கு ஒரு நாடாவும் இரு கரைகளுக்கு இரு நாடாவுமாக மூன்று நாடா ஓட்டி, இருவர் உட்கார்ந்து கோர்வை கோத்து நெய்த துணி அது. அந்தப் படத்தில் கைவேலை அறிந்தவர் மதிக்கத்தக்க உடை எது? மகன் கழுத்தில் கிடப்பதா, தாய் தோளில் கிடப்பதா? படத்தைச் சட்டமிட்டு மாட்டும் வீடுகளில் இந்தக் கேள்வி எழுந்ததே இல்லை.

இனி, பால்மரத்துக்கு வருவோருக்குச் சொல்ல வேண்டியவை பல. பேராக்கில் இரப்பரின் வரலாறு கோல கங்சாரில் தொடங்கியது. 1877-இல் ஆங்கிலேய ஆளுநர்ப் பேராளர் இயூ லோ அங்கு நட்ட ஒன்பது கன்றுகளுள் ஒன்று இன்றும் முதுமரமாக நிற்கிறது. மரம் வந்ததும் பால் வந்துவிடவில்லை. பிரேசில் காடுகளில் கோடரியால் கொத்திப் பால் எடுத்தனர். மரம் புண்ணாகிச் செத்தது. மரத்தைக் கொல்லாமல், வெட்டிய இடத்தையே மீண்டும் மீண்டும் மெல்லச் சீவிப் பால் எடுக்கும் முறையைச் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தில் ரிட்லி என்னும் அறிஞர் 1890-களில் வகுத்தார். ரிட்லியின் பெயர் பாடநூலில் இருக்கிறது. அம்முறையை ஒவ்வொரு விடியலிலும் நானூறு, ஐந்நூறு மரங்களில் செய்துகாட்டியவர்களின் கைத்திறம் எந்தப் பாடநூலில் இருக்கிறது?

அத்திறத்தை எளிதென எண்ணுவோர் ஒருமுறை வெட்டுக்கத்தியைக் கையில் பிடித்துப் பார்க்கட்டும். இடப்புறம் உயர்ந்து வலப்புறம் தாழ்ந்து, ஏறத்தாழ முப்பது பாகைச் சாய்வில், மரத்தின் பாதிச் சுற்றளவுக்குப் பட்டையைச் சீவ வேண்டும். ஒரு நாளைய சீவல் ஒன்றரை மில்லிமீட்டர் தடிப்பைத் தாண்டக்கூடாது. தாண்டினால் பட்டை விரைவில் தீர்ந்துபோகும். ஆழமோ அதனினும் நுட்பமானது. பால் நாளங்கள் பட்டையின் உட்பகுதியில், மரத்தை வளர்க்கும் மெல்லிய படலத்துக்கு மிக அருகே செறிந்துள்ளன. படலத்துக்கு ஒரு மில்லிமீட்டர் முன்பாகக் கத்தி நின்றாக வேண்டும். மேலோடு நின்றால் பால் குறையும். உள்ளே புகுந்தால் மரம் காயப்படும். காயம் பட்ட இடத்தில் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாகத் தடித்து வளரும். பிறகு அங்கே கத்தி வைக்க இயலாது. ஒரு மில்லிமீட்டர்! அதுவும் இருட்டில், கொசுக்கடியில், ஒரு மரத்துக்குச் சில நொடிகளே கொடுத்து. விடியுமுன் வெட்டுவதற்கும் காரணம் உண்டு. வெயில் ஏறாத வேளையில் மரத்துக்குள் நீரழுத்தம் மிகுந்திருக்கும். அப்போதே பால் தாராளமாக ஓடும். இதனைத் தாவரவியல் வகுப்பில் படித்தறிந்தவர் சிலர். பெரட்டுக்களத்தில் பட்டறிந்தவர் பல்லாயிரவர்.

சாய்வைப் பாருங்கள். நேப்பல்ஸ் தையற்கலைஞன் பட்டைச் சாய்வாக வெட்டுகிறான். பேராக்கின் பால்வெட்டுப் பெண் பட்டையைச் சாய்வாகச் சீவுகிறாள். அவன் நூல் நழுவ இடம் விடுகிறான். அவள் மரம் பிழைக்க ஒரு மில்லிமீட்டர் விடுகிறாள். இருவர் கைக்கும் உள்ள அறிவு ஒருதரத்தது. ஒருவர் அறிவுக்குக் கலை என்று பெயர். மற்றவர் அறிவுக்குக் கூலி என்று பெயர். இந்தப் பெயர்மாற்றம் கடலுக்கு அப்பால் நடந்தது என்றால் வருந்திவிட்டு விடலாம். அது தமிழ் வகுப்பறைக்குள் நடந்தது.

“படிக்காவிட்டால் பால்மரம் வெட்டத்தான் போவாய்!”

மலேசியத் தமிழ்ப்பள்ளிகளில் இவ்வாக்கியத்தைக் கேளாமல் வளர்ந்த தலைமுறை உண்டா? ஆத்திசூடிக்கு அடுத்தபடியாக மாணவர் மனத்தில் பதிந்த வாக்கியம் இதுவாகவே இருக்கும். சொன்னவர் நல்லெண்ணத்தோடுதான் சொன்னார். கேட்ட சிறுவனின் தாய் அந்த நேரத்தில் காண்டா வாளியைத் தோளில் சுமந்து, பால் நிறுக்கும் கொட்டகையில் வரிசையில் நின்றிருந்தாள். தன் தாய் ஒரு தண்டனை என்று அந்தச் சிறுவன் அன்று கற்றான். அவளுடைய தொழில், படிக்காத குற்றத்துக்கு விதிக்கப்பட்ட தீர்ப்பு என்று கற்றான். மாலையில் வீடு திரும்பி, ஒட்டுப்பால் நாற்றம் வீசும் அவளுடைய முழுக்கைச் சட்டையைக் கொடியில் பார்த்தபோது, அவன் மூக்கைப் பொத்திக்கொண்டால் அது யார் கற்பித்த பாடம்?

இதில் இன்னொரு கொடுமையும் உண்டு. பத்துப் பிள்ளைகள் இருந்தால் பள்ளி நடத்த வேண்டும் என்று 1912-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் தோட்ட நிருவாகத்தைப் பணித்தது. கங்காணியோ கிராணியோ, எழுத்தறிந்த யாரோ ஒருவர், கொட்டகையில் உட்கார்ந்து அரிச்சுவடி சொல்லிக் கொடுத்தார். இன்று பேராக்கில் நூற்றுக்கும் மேற்பட்டு நிற்கும் தமிழ்ப்பள்ளிகளிற் பெரும்பாலானவை அந்தக் கொட்டகைகளின் வழிவந்தவை. பால்வெட்டியவர் இருந்ததால் பள்ளி இருந்தது. பள்ளி இருந்ததால் தமிழாசிரியர் என்னும் பணி இருந்தது. தம் சோற்றுக்கு வேராக இருந்த தொழிலையே அச்சுறுத்தும் பூச்சாண்டியாக்கிய ஒரு வகுப்பார் வேறெங்கும் உண்டோ?

எல்லா ஆசிரியரையும் ஒரே தராசில் நிறுப்பது அறமாகாது. தோட்டந்தோறும் படிப்பகம் நடத்தியவர்கள், பிள்ளைகளின் பசிக்குத் தம் சம்பளத்தில் உணவு வாங்கியவர்கள், பேரணியில் நின்றவர்கள் இருந்தனர். பால்வெட்டியவரின் பிள்ளைகளே ஆசிரியராகவும் வந்தனர். வந்தவரிற் சிலரிடத்தில் அந்த வாக்கியம் மேலும் கூர்மையாக ஒலித்ததுதான் வியப்பு. ஏணியில் ஏறியவனுக்குக் கீழ்ப்படி மேல் உள்ள அச்சம் பெரிது போலும்.

அந்த ஏணியை நாட்டியவன் வெள்ளையன். தோட்டத்தில் உடையே தரவரிசை. துரைக்குத் தொப்பியும் அரைக்கால் சட்டையும். கிராணிக்கு வெள்ளை நீளக்கால் சட்டை. கங்காணிக்கு மேலங்கியும் தலைப்பாகையும். பால்வெட்டியவருக்குக் கறைபடிந்த கந்தை. உடை பேசுவதற்கு ஏற்ப உடலும் வளைந்தாக வேண்டும். 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது முன்வைத்த கோரிக்கைகளுள் கூலி உயர்வு மட்டுமன்று, துரையையோ கிராணியையோ கண்டால் மிதிவண்டியை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிப்பதும் ஒன்றாக இருந்தது. வயிற்றுக்காகப் போராடியவர் முதுகெலும்புக்காகவும் போராடினர். ‘நாங்களும் துரை ஆக வேண்டும்’ என்பது அவர்களின் கோரிக்கைப் பட்டியலில் இல்லை. ‘நாங்கள் இருக்கிறபடியே நிமிர்ந்து செல்ல வேண்டும்’ என்பதே இருந்தது. பின்வந்த தலைமுறை இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டது. நிமிர்வதற்குப் பதில் உடையை மாற்றினால் போதும் என்று எண்ணிற்று.

இங்கே ஒரு மறுப்பு எழும். ‘தோட்டத்தை விட்டுப் பிள்ளை வெளியேற வேண்டும் என்று ஒரு தாய் விரும்புவது தவறா? லயத்தின் இருட்டும் மலேரியாவும் நாட்கூலியும் இனிமையானவையா?’ இல்லை. அவை வெறுக்கத்தக்கவை. 1969-க்குப் பின் வேலை உரிமச் சட்டத்தால் குடியுரிமையற்ற பல்லாயிரவர் மூட்டை கட்டிக் கப்பலேறியதையும், தோட்டங்கள் துண்டாடப்பட்டும் செம்பனைக்கு மாற்றப்பட்டும் வீடமைப்பு நிலமாக விற்கப்பட்டும் மக்கள் தெருவுக்கு வந்ததையும் கண்ட பேராக்கில், தோட்ட வாழ்வைப் பாடிப் புகழ்வது பொய்யாகும். வெறுக்க வேண்டியது வறுமையை. வறுமைக்குக் காரணமான குறைகூலியை. ஆசிரியர் வெறுக்கக் கற்பித்ததோ தொழிலை. ‘உன் தாயின் கை பொன்னான கை, அதற்குரிய கூலியை அவர்கள் கொடுக்கவில்லை’ என்று சொல்லியிருந்தால், அதே சிறுவன் அதே ஊக்கத்தோடு படித்திருப்பான். ஒருவேளை தொழிற்சங்கத்துக்கும் ஒரு நல்ல தலைவன் கிடைத்திருப்பான்.

மற்றொரு திசையிலிருந்து வரும் முழக்கமும் உண்டு. ‘கழுத்துப்பட்டை அடிமைச் சின்னம், கழற்றி எறி, வேட்டி கட்டு!’ தமிழ் விழா மேடைகளில் இதற்குக் கைத்தட்டல் கிடைக்கும். முழங்குபவர் கட்டியிருக்கும் வேட்டியைத் தொட்டுப் பார்த்தால் அதுவும் விசைத்தறியில் ஓடிய பொலியெஸ்தர்க் கலப்பாக இருக்கும். கரையில் சரிகை இருக்காது, சரிகை மாதிரி ஏதோ ஒன்று இருக்கும். கைத்தறி நெசவாளி அந்த வேட்டியாலும் ஒரு வேளை உண்ணவில்லை. ஒரு மாற்றுப் பொருளை இன்னொரு மாற்றுப் பொருளால் எதிர்ப்பதில் என்ன புரட்சி? மேலும், உடை என்பதைத் தமிழர் அவ்வளவு எளிதாக ஒதுக்கிவிட முடியாது. தோளில் ஒரு துண்டுத் துணி போடும் உரிமைக்காகத் திருவிதாங்கூரில் பெண்கள் அடிபட்டனர். 1859-இல்தான் அரசு, அதுவும் கட்டுப்பாடுகளோடு, இணங்கிற்று. அண்ணல் அம்பேத்கர் ஊர்தோறும் சிலையாக நிற்கும்போது மேலங்கியும் கழுத்துப்பட்டையும் அணிந்தே நிற்கிறார். அவ்வுடையில் அடிமைத்தனத்தைக் காண்பவனுக்குக் கண் பழுது. மாறாக, 2014-இல் சென்னையில் ஒரு மனமகிழ் மன்றம், வேட்டி கட்டி வந்த உயர்நீதிமன்ற நீதிபதியை உள்ளே விட மறுத்தது. அவ்வாண்டே தமிழகச் சட்டமன்றம் அத்தகைய தடைகளை நீக்கச் சட்டம் இயற்ற நேர்ந்தது. அந்த வாயிற்படியில் நின்றது தூய அடிமைத்தனம். துணி ஒன்றே, கட்டாயப்படுத்துபவன் யார், எதை மறைக்கக் கட்டுகிறான் என்பதில்தான் வேறுபாடு.

மலேசிய அரசு இவ்வகையில் சற்றுத் தெளிவாகவே நடந்துகொண்டது. வெப்ப நாட்டில் நீளக்கைப் பாத்தேக் சட்டையும் விழாவுக்குரிய உடையே என்று ஏற்றுக்கொண்டது. 2008 முதல் அரசு ஊழியர் வியாழன்தோறும் பாத்தேக் அணியுமாறு அறிவித்தது. அமைச்சர் பாத்தேக்கில் வந்து பரிசளிக்கிறார். பரிசு வாங்கும் தமிழ்ச் சிறுவன் கழுத்துப்பட்டையில் புழுங்குகிறான். யாரை நினைத்து அவன் கழுத்தில் அது கட்டப்பட்டது?

அதைக் கட்டுவதாயின் அறிந்து கட்டட்டும். பட்டு இன்னதென்று, சாய்வு இன்னதென்று, முடிச்சு இவ்வாறென்று தெரிந்து, நல்ல தையற்காரரின் கைத்திறத்தை மதித்து ஒருவன் அணிவானாயின் அவனைக் குறை சொல்ல எவர்க்கும் உரிமையில்லை. அத்தகையவன் தன் தாயின் வெட்டுக்கத்தியையும் மதிப்பான். ஈப்போ பழைய நகரத்துத் தையற்கடைகளில், பொறியின் மேல் குனிந்திருக்கும் முதியவருக்குப் பின்னால் இன்று பழகுநர் இல்லை. தையல் கற்க வா என்றால் வருவதற்குப் பையன் இல்லை. கையால் செய்யும் தொழில் இழிவு என்று அவன் கழுத்திலேயே எழுதிக் கட்டியாயிற்று. கழுத்துப்பட்டையைக் கொண்டாடிய சமூகத்தில் ஒரு கழுத்துப்பட்டையைத் தைக்கத் தெரிந்தவர் இல்லை. துரையின் மாளிகை குறையாக நின்றதைவிட இது பெருங்குறை.

செய்யக்கூடியவை சில உள்ளன. பெரிய தீர்மானங்கள் வேண்டியதில்லை. தலைமையாசிரியர் மனம் வைத்தால் ஒரு வாரத்தில் முடியும். ஆண்டு ஒன்றிலிருந்தே கழுத்தை இறுக்கும் அந்த முடிச்சுத் துணியைப் பள்ளியின் கட்டாயப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம். ஏழைப் பெற்றோருக்குச் சில வெள்ளி மிஞ்சும். ‘படிக்காவிட்டால்’ என்று தொடங்கும் அந்த வாக்கியத்தை ஆசிரியர் அறையிலேயே புதைத்துவிடலாம். இப்போது வெட்டுவதற்குப் பால்மரமும் அருகிவிட்டது. அந்த அச்சுறுத்தல் பொருளும் இழந்துவிட்டது. அதன் இடத்தில் ‘கோழிக்கடைக்குப் போவாய்’, ‘லோரி ஓட்டப் போவாய்’ என்பன வந்து உட்காராமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இன்னொன்று. ஒவ்வொரு பள்ளியிலும் பால்வெட்டிய பாட்டி ஒருத்தியேனும் யாரோ ஒரு மாணவனின் வீட்டில் இருப்பாள். மே 16, ஆசிரியர் நாள். சிறப்பு விருந்தினராக வழக்கமாக வருபவருக்குப் பதில் ஓர் ஆண்டு அவளை அழைக்கலாம். மேடையில் ஒலிவாங்கி வேண்டாம். ஒரு மரத்துண்டும் வெட்டுக்கத்தியும் போதும். ஒரு மில்லிமீட்டரில் கத்தியை நிறுத்துவது எவ்வாறு என்று அவள் செய்து காட்டட்டும். ஐந்தாம் ஆண்டு மாணவர் சீவலை எடுத்து அளவுகோலால் அளந்து பார்க்கட்டும். கணக்குப் பாடமும் ஆகும், அறிவியலும் ஆகும். கடைசியில், மாணவத் தலைவன் தன் கழுத்திலிருப்பதைக் கழற்றி அவளிடம் நீட்டலாம். பின்னாலுள்ள மீள்நாடாவை அவள் இழுத்துப் பார்ப்பாள். அதனுள்ளே ஓடும் இழை பல வேளைகளில் இரப்பர்தான். அவளுக்கு அது தொட்டவுடன் தெரிந்துவிடும்.